ஒற்றியூரிலிருந்து வஞ்சிக்கு: கவியரசரின் முதற் காப்பியம்

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஏஜாக்ஸ் என்றொரு பேருந்து நிறுத்தம் உண்டு. உப்புத்தாள் முதலியன செய்த ஒரு தொழில் நிறுவனத்தின் பெயர் அது. அந்நிறுவனத்தில் 1943ஆம் ஆண்டில் பதினாறு வயது இளைஞன் ஒருவன் வேலைக்குச் சேர்ந்தான். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவன். திரையுலகில் நுழைய வேண்டும், எழுத்தாளனாகப் பெயர் பெற வேண்டும் என்னும் இரண்டு ஆசைகளையும் நெஞ்சில் சுமந்து சென்னைக்கு வந்தவன். முத்தையா என்னும் அவ்விளைஞனே பின்னாளில் கவியரசு கண்ணதாசன் ஆனார். திரைப்பாடல்களால் அவரை அறிந்தோர் எண்ணிலர். தம் முதற் காப்பியத்திற்கு அவர் எவ்வாறு வந்து சேர்ந்தார் என்பதை எண்ணிப் பார்த்தோர், கவிதை எழுதுவோருள்ளும் சிலரே.

1927ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள், திருப்பத்தூரை அடுத்த சிறுகூடல்பட்டியில், சாத்தப்பனார், விசாலாட்சி ஆச்சி இணையருக்கு எட்டாவது மகவாகத் தோன்றினார். ஏழாயிரம் ரூபாய்க்கு அவரைச் சிகப்பி ஆச்சி என்பார் சுவீகாரம் எடுத்துக்கொண்டார். அவ்வீட்டில் அவர் பெயர் நாராயணன். பிறந்த வீட்டில் ஒரு பெயர், புகுந்த வீட்டில் ஒரு பெயர் என வாழ்ந்த சிறுவன், மூன்றாவதாகத் தானே ஒரு பெயர் சூட்டிக்கொண்டதில் வியப்பில்லை. அமராவதிபுதூரில் எட்டாம் வகுப்பு வரை பயின்றார். முறையான தமிழ்க் கல்வி அவ்வளவே. மற்றவற்றையெல்லாம் காதால் கற்றார்.

அந்தக் காது சாதாரணமானதன்று. நகரத்தார் குலத்தில் வழிவழியாக வழங்கும் வரலாறு ஒன்று உண்டு. தம் முன்னோர் காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகர் என்றும், அரசன் இழைத்த தீங்கு பொறாது அந்நகரை நீங்கிப் பாண்டிநாடு புகுந்தனர் என்றும் பெரியவர்கள் சொல்லக் கேட்டே அக்குலத்துப் பிள்ளைகள் வளர்வர். கோவலனும் கண்ணகியும் புலவர்களுக்குக் காப்பிய மாந்தர். செட்டிநாட்டுப் பிள்ளைக்கோ விட்டுவந்த ஊரின் உறவினர். இதனுடன் ஆச்சிமார் பாடும் தாலாட்டும், இழவு வீட்டின் ஒப்பாரியும், சிறுகூடல்பட்டி மலையரசி அம்மனைப் பற்றிய கதைகளும் சேர்ந்துகொண்டன.

வேலை கிடைத்த ஊரும் அத்தகையதாகவே வாய்த்தது. 1942 ஏப்ரலில் சப்பானியக் குண்டுவீச்சுக்கு அஞ்சிச் சென்னை மக்கள் பெருந்திரளாக ஊரைவிட்டு வெளியேறினர். அச்சம் சற்றே தணிந்து, போர் தணியாதிருந்த காலத்தில் முத்தையா திருவொற்றியூருக்கு வந்தார். ஒருபுறம் தீப்பெட்டித் தொழிற்சாலையும் பிற ஆலைகளும், மறுபுறம் கடல், நடுவே தியாகராசர் திருக்கோயில். அக்கோயிலைச் சுற்றிலும் கதைகள். மகிழ மரத்தடியில் சங்கிலியாருக்குச் சுந்தரர் பிரியேன் என்று ஆணையிட்டதும், ஆணை தவறிய அளவில் கண்ணொளி இழந்ததும் இவ்வூர்ச் செய்திகள். கோயிலுக்குள் சென்று ஆணையிட எண்ணிய சுந்தரர், அந்நேரம் மட்டும் மகிழ மரத்தில் இருக்குமாறு இறைவனை வேண்டிக்கொள்ள, இறைவனோ மரத்தடியிலேயே ஆணை வாங்குமாறு சங்கிலியார் தரப்புக்கு அறிவித்துவிடுகின்றார். காதலன் பக்கமும் காதலி பக்கமும் ஒருங்கே நின்று தெய்வம் விளையாடும் இந்த இடத்தைப் போன்ற நாடக நுட்பம், பிற்காலக் காதற் கதைகள் பலவற்றில் காண்பதற்கு அரிது.

வட்டப்பாறை அம்மன் கதையும் அவ்வாறே. மதுரையை எரித்த பின்னும் சினம் ஆறாத கண்ணகி இவ்வூர் வந்தாள் என்றும், இறைவன் ஆடிய சூதாட்டத்தில் காய் கிணற்றில் விழ, அதனை எடுக்க இறங்கியவளை வட்டமான பாறையால் மூடி அமைதிப்படுத்தினார் என்றும் வாய்மொழி கூறும். இதே அம்மன் தீப்பந்தம் ஏந்தி நிற்கக் கம்பர் இரவில் இராமாயணம் எழுதினார் என்பது இன்னொரு வழக்கு. வரலாற்று ஆய்வாளர் இவற்றை ஏற்கார். ஏற்க வேண்டியதும் இல்லை. சிலப்பதிகாரத்தின் ஏட்டை ஒருபோதும் தொட்டறியாத மீனவரும் ஆலைத் தொழிலாளரும் கண்ணகியைத் தம் ஊர்க்காரியாக ஆக்கிக்கொண்டனர் என்பதே இங்குக் கருதத்தக்கது. கடற்கரையில் பட்டினத்தாரின் சமாதி. பூம்புகார் வணிகராகப் பிறந்து, செல்வம் துறந்து, ஒற்றியூர் மணலில் அடங்கிய அவர், நகரத்தார் இளைஞன் ஒருவனுக்கு அயலாராக இருந்திருக்க இயலாது.

இக்கதைகளே மாங்கனிக்கு வித்து என்று கூறுவது மிகையாகும். ஆயினும் அவர் முதன்முதலாகக் கதை எழுதத் தொடங்கியது இவ்வூரில்தான். நிலவொளியிலே என்னும் அச்சிறுகதை கிரகலட்சுமி இதழில் அச்சாயிற்று. அச்சில் பெயர் கண்டவனுக்கு ஆலை வேலை கசந்ததில் புதுமை என்ன? அடுத்த ஆண்டே, 1944இல், புதுக்கோட்டையிலிருந்து வெளிவந்த திருமகள் இதழின் ஆசிரியர் பொறுப்பை ஏற்றார். பதினேழு வயது! தாசன் என்று முடியும் புனைபெயர்கள் மலிந்திருந்த அக்காலத்தில் கண்ணதாசன் என்னும் பெயரும் பிறந்தது. பின்னர்த் திரைஒலி, சேலத்தில் சண்டமாருதம் என இதழ்ப்பணி தொடர்ந்தது. 1949இல் கன்னியின் காதலி படத்திற்கு முதற்பாடல் எழுதினார். அதே ஆண்டில் தோன்றிய திராவிட முன்னேற்றக் கழகத்தில் இணைந்தார்.

1953ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள், டால்மியாபுரம் என்னும் பெயரை மாற்றிக் கல்லக்குடி என்னும் பழம்பெயரை நிலைநாட்டக் கழகம் நடத்திய போராட்டத்தில் ஓர் அணிக்குத் தலைமை தாங்கினார். துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது, உயிர்கள் பலியாயின. கவிஞர் திருச்சிச் சிறைக்குச் சென்றார். போராட்டத்தின் புகழ் தம்மை வந்து சேரவில்லை என்னும் மனக்குறையைப் பின்னர் வனவாசத்தில் அவர் மறைக்கவில்லை. அக்குறை நியாயமா அன்றா என்பதைத் தீர்ப்பது இக்கட்டுரையின் வேலையன்று. அந்தக் கசப்பு ஒரு காப்பியமாக மாறியது என்பதே நமக்கு வேண்டிய செய்தி.

சிறையில், மிகச் சில நாட்களில், மாங்கனி எழுதப்பட்டது. 1954இல் நூலாயிற்று. செங்குட்டுவன் காலத்துச் சேரநாடு களம். அமைச்சர் குடியிற் பிறந்த இளைஞன் ஒருவனுக்கும் ஆடல்மகள் ஒருத்திக்கும் இடையே மலரும் காதல் கதை. போராட்டத்தில் சிறைசென்ற கவிஞர் அங்கே போராட்டக் காப்பியம் எழுதாமல் காதற் காப்பியம் எழுதினார் என்பதைச் சிலர் குறையாகச் சொல்லக்கூடும். ஊர்ப்பெயர் ஒன்றை மீட்கச் சிறைசென்றவர், அதே மூச்சில் ஒரு பழம்பெயர் உலகத்தையே மீட்க முயன்றார் என்று காண்பது பொருந்தும். கையில் நூலகம் இல்லை. இருந்தது நினைவு ஒன்றே. கேட்டவையும் படித்தவையும் நினைவில் எந்த அளவு ஊறிக் கிடந்தனவோ, அந்த அளவே காப்பியம் ஆயிற்று.

அக்காலச் சூழலையும் நோக்க வேண்டும். கல்கியின் பொன்னியின் செல்வன் 1950 முதல் வாரந்தோறும் வெளிவந்து வீடுதோறும் சோழர் காலத்தைக் கொண்டு சேர்த்திருந்தது. உரைநடையில் அப்பேரலை எழுந்திருக்கையில், இருபத்தாறு வயதுக் கவிஞர் ஒருவர் செய்யுளை எடுத்துக்கொண்டு, சோழனை விடுத்துச் சேரனிடம் சென்றது துணிவு. செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தவன். அவன் அவையில் அழும்பில்வேள் போன்ற அமைச்சர்களை இளங்கோவடிகள் பெயர் சுட்டிக் காட்டுகின்றார். அவர்தம் இல்லங்களில் நடந்ததை எவரும் பாடவில்லை. பெயர் கிடைக்கும் இடத்தில் வரலாற்றைப் பற்றிக்கொண்டு, செய்தி கிடைக்காத இடத்தில் கற்பனையை உலவவிடும் இம்முறை, புனைகதைக் காப்பியம் எழுதப் புகுவோர்க்கு இன்றும் பயன்படும். இதற்கும் மூலவர் இளங்கோவே. வேங்கை மர நிழலில் ஒரு முலை இழந்து நின்ற பெண்ணைப் பற்றிக் குன்றக் குறவர் வந்து சொன்ன அதிசயத்திலிருந்தே சிலம்பு தொடங்குகின்றது. மலைமக்கள் கண்டு சொன்ன கதை. சாத்தனார் விரித்த செய்தி. அடிகள் செய்த காப்பியம். தமிழின் முதற் காப்பியமே நாட்டுக் கதையின் குழந்தை.

மாங்கனியின் நிறைகுறைகளைச் சொல்லாது விடுதல் கவிஞருக்குச் செய்யும் மரியாதையாகாது. ஓசை அவருக்குக் கைவந்த செல்வம். அச்செல்வமே சில இடங்களில் கதையை முந்திக்கொண்டு ஓடிவிடுகின்றது. மேடைத் தமிழின் அடுக்கும் ஆரவாரமும் காதலர் தனித்திருக்கும் இடங்களிலும் எட்டிப் பார்க்கின்றன. ஆனால் ஆடல்மகளை இழிவாக நோக்காத அந்த நோக்கு, முதல் நூலிலேயே முதிர்ந்து நிற்கின்றது. மாதவிக்கு மணிமேகலையில் துறவே கிடைத்தது. மாங்கனிக்குக் காப்பியத் தலைவி என்னும் இடமே கிடைத்தது.

இதன்பின் திரையுலகம் அவரை விழுங்கிற்று என்பர். முழு உண்மையன்று. 1956இல் அவர் உரையாடல் எழுதிய மதுரை வீரன் எங்கிருந்து வந்தது? சிற்றூர்த் திடல்களில் விடிய விடியப் பாடப்பட்ட அம்மானையிலிருந்தும் கூத்திலிருந்தும் வந்தது. காசி மன்னன் மகனாகப் பிறந்து, காட்டில் விடப்பட்டு, செருப்புத் தைக்கும் எளியோர் வீட்டில் வளர்ந்து, பொம்மியைக் கவர்ந்து, திருமலை நாயக்கர் காலத்து மதுரையில் வெள்ளையம்மாள் என்னும் ஆடல்மகளால் உயிரிழந்து தெய்வமானவன் வீரன். வரலாறும் மாயமும் காதலும் கலந்த இத்தகைய கதையை எழுத, மாங்கனி எழுதிய கையினும் பொருத்தமான கை ஏது? படம் பெருவெற்றி பெற்றது.

ஆட்டனத்தி ஆதிமந்தி கதையும் அவ்வாறே. காவிரி கவர்ந்துகொண்ட காதலனைத் தேடிக் கரைதோறும் அலைந்த ஆதிமந்தியைச் சங்கப் புலவர் சில அடிகளில் சுட்டிச் சென்றனர். கடல் அவனைக் கொண்டுவந்து தந்ததைச் சிலம்பு பூம்புகார்ப் பத்தினியர் வரிசையில் சொல்லிற்று. கவிஞர் அதனைக் காப்பியமாக்கினார். 1960இல் வெளிவந்த மன்னாதி மன்னன் அதன் அடிப்படையில் அமைந்ததே.

இவற்றிற்கு இடையில் ஓர் இழப்பும் உண்டு. 1959இல் தம் சொந்தப் பொறுப்பில் சிவகங்கைச் சீமை என்னும் படத்தைத் தயாரித்தார். மருது சகோதரர் வரலாறு அவருக்குப் பிறந்த மண்ணின் வரலாறு. கும்மியாகவும் அம்மானையாகவும் அப்பகுதி மக்கள் போற்றி வைத்திருந்த வரலாறு. ஆனால் அதே மே மாதத்தில் வீரபாண்டிய கட்டபொம்மன் பெருஞ்செலவில் வண்ணப் படமாக வெளிவந்தது. கறுப்பு வெள்ளையில் வந்த சிவகங்கைச் சீமை அதன் முன் நிற்க இயலவில்லை. கடன் சூழ்ந்தது. அக்கடனை அடைக்கவே இரவு பகலாகத் திரைப்பாடல் எழுத நேர்ந்தது என்பதை எண்ணுகையில், தமிழர் பெற்ற பாட்டுச் செல்வத்திற்கு ஒரு நாட்டுக்கதையின் தோல்வியும் காரணம் என்றே சொல்லத் தோன்றுகின்றது. 1961இல் கழகத்தை விட்டு வெளியேறினார். 1962இல் வெளிவந்த பாத காணிக்கையில், பட்டினத்தாரின் நிலையாமைக் கருத்தைத் தெருவில் நடப்பவனும் முணுமுணுக்கும் பாடலாக்கினார். ஒற்றியூர்க் கடற்கரையில் அடங்கியவரின் குரல் கொட்டகைகளில் ஒலித்தது.

பாடல்கள் ஆயிரக்கணக்கில் பெருகின. இதழ்கள் தொடங்கி நின்றன. 1978இல் அரசவைக் கவிஞரானார். இவ்வளவுக்கும் பிறகு அவர் மனம் மீண்டும் சென்ற இடம் எது என்று பார்த்தால், அது சேரநாடே. சேரமான் காதலி உரைநடையில் எழுதிய வரலாற்றுப் புதினம். சேரமான் பெருமாளைப் பற்றி இரண்டு வழக்குகள் உண்டு. தமிழ் மரபில் அவர் சுந்தரரின் தோழர். நண்பர் வெள்ளை யானைமீது கயிலை செல்ல, குதிரைமீது உடன் சென்றவர். கேரள மரபிலோ சேரமான் பெருமாள் ஒருவர் முடி துறந்து, இசுலாம் தழுவி, மெக்கா சென்றார் என்பர். கொடுங்கல்லூர்ப் பள்ளிவாசல் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. வரலாற்றுப் பேராசிரியர்கள் நெடுங்காலம் வழக்காடிய பொருள் இது. கவிஞர் வழக்காடவில்லை. ஒரு மன்னன் நாட்டையும் சமயத்தையும் விட்டுப் போகும் அளவுக்கு அவன் உள்ளத்தில் என்ன நிகழ்ந்திருக்கும் என்று கேட்டார். அதற்கு விடையாக ஒரு காதலைப் படைத்தார். பல கட்சிகளையும் கொள்கைகளையும் கடந்து வந்த ஒருவருக்கு அக்கேள்வி வெறும் கதைப்பொருளாக இருந்திருக்குமா?

அந்நூலுக்கு 1980ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. பாடலுக்குப் பெயர் பெற்றவருக்குப் புதினத்திற்குப் பரிசா என்று வியந்தோரும் உண்டு. அவர்கள் மாங்கனியைப் படித்திராதவர்கள். மறு ஆண்டு அமெரிக்கா சென்றிருந்தபோது நோயுற்று, 1981 அக்டோபர் 17ஆம் நாள் சிகாகோவில் மறைந்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்து நான்கு.