வடலூர் அடிகளும் அறச்சாலைக் காவலும்

தமிழர் வாழும் நாடெங்கும் போற்றப்பெறும் இராமலிங்க அடிகளைப் புலவராகவும் ஞானியாகவும் கொண்டு எழுதினோர் பலர். வறியோர்க்கென ஓர் இல்லத்தை நிறுவி, அதனை நடத்தும் அல்லலையும் அறிந்தவராக அவரை நோக்கினோர் சிலரே. அப்பகுதியையே யாம் ஈண்டு விரிக்கக் கருதினோம்.

அடிகள் சிதம்பரத்திற்கு வடமேற்கேயுள்ள மருதூரில், 1823-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள், இராமையா பிள்ளைக்கும் சின்னம்மையார்க்கும் ஐந்தாம் மகவாகத் தோன்றினர். தந்தையார் விரைவில் மறையவே, சென்னையில் தமையனார் சபாபதி பிள்ளையின் ஆதரவில் வளர்ந்தனர். இளமைச் செய்திகள் யாவரும் அறிந்தனவாதலின் அவற்றைக் கடந்து செல்வோம். 1858-இல் சென்னையை நீத்துத் தில்லையை வழிபட்டுக் கருங்குழியில் வேங்கட ரெட்டியார் இல்லத்தில் 1867 வரை வைகினர்.

அவ்வாண்டு மே 23-ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலை தொடங்கப்பெற்றது. பார்வதிபுரத்து மக்கள் 80 காணி நிலத்தை மனமுவந்து எழுதிக் கொடுத்தனர். சாதியும் சமயமும் வினவாது, பசித்து வந்தார் யாவர்க்கும் சோறிடுதலே சாலையின் முதற்றொழில். எனினும் அடிகள் கருத்து சோற்றளவில் நின்றதன்று. நோயாளர்க்கு வைத்தியசாலை, கற்பார்க்குச் சாத்திரசாலை, வேறு உதவி வேண்டுவார்க்கு உபகாரசாலை என இன்னும் பல கிளைகளை அதனோடு சேர்த்து வகுத்திருந்தனர். ஆதரவற்றோர்க்கு வேண்டுவன எவையென்று இத்துணை ஒழுங்காக எண்ணிப் பார்த்தோர் அக்காலத்தில் அரியர்.

அரிசி கிடைத்துவிடும், அதனை அன்போடு இடுங் கைகள் கிடைப்பதே அருமை. அடிகள் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். சாலையில் வாழ்வோர் தம்முட் பிணங்காது ஒழுகவேண்டுமென அவர்கட்கென்றே ஓர் ஒழுக்கக் கட்டளை வரைந்தனர். பிணக்கு இல்லாதவிடத்துக் கட்டளைக்கு வேலை யாது?

1872 சனவரி 25-இல் சத்திய ஞானசபை திறக்கப்பெற்றது. அவ்வாண்டு சூலை 18-ஆம் நாள் அடிகள் விடுத்த விதிகள் நம்மை வியப்பிலாழ்த்துவன. விளக்கேற்றுவோர் பன்னிரண்டு வயதிற்கு உட்பட்ட சிறுவராகவேனும் எழுபத்திரண்டு வயதிற்கு மேற்பட்ட முதியோராகவேனும் இருத்தல் வேண்டும். ஞானசபையின் திறவுகோல் எவர் கையிலும் தங்கலாகாது; அதனை ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டிப் பொற்சபையினுள் வைத்து, பொற்சபையின் திறவுகோலை மட்டுமே காவற்பொறுப்புடையார்பால் ஒப்புவித்தல் வேண்டும். இவை வழிபாட்டிடத்திற்கு எழுந்த விதிகளே. ஆயினும், நல்லோரென்று நம்பி ஒருவரிடமே அனைத்தையும் விட்டுவிடலாகாதென்னும் எச்சரிக்கை அவற்றுள் அடங்கியிருத்தலை மறுப்பார் யார்?

திறவுகோல் யார் கையில் என்னும் வினா எளியதன்று. 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் மனநோயாளர் விடுதியொன்று தீப்பற்றிற்று. சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தமையால் ஓடித் தப்ப மாட்டாது, 28 உயிர்கள் மாண்டன. ஆளிருந்து காக்கவேண்டிய இடத்தைச் சங்கிலி காத்தது! உற்றார் நம்பி விட்டுச்சென்றவர்கள் அவர்கள். அதன்பின்னரே அரசு அவ்வூர் விடுதிகளை மூடிற்று. போதிய பணியாளரின்றி ஆதரவற்றோரை ஏற்றுக்கொள்ளும் இல்லம், எத்துணை நல்லெண்ணத்தோடு எழுந்ததாயினும், அவர்க்குப் புகலிடமாகாதென்பது எம் துணிபு.

அடிகளின் இறுதியாண்டுகள் மேட்டுக்குப்பத்திற் கழிந்தன. தம் விதிப்படி ஒழுகுவார் இலராதல் கண்டு சபையைப் பூட்டுவித்தனர் என்றுங் கூறுவர். 1874 சனவரி 30-ஆம் நாள் இரவு சித்திவளாகத்து அறையுட் புகுந்து தாளிட்டுக்கொண்டனர். பின்னர் அவரைக் கண்டார் இலர். ஆங்கில அதிகாரிகள் வந்து அறையைத் திறப்பித்தும் ஒன்றுங் காணாது மீண்டனர் என்பது வழக்கு. மாவட்ட ஆட்சியராயிருந்த கார்ஸ்டின் 1878-இல் வெளியிட்ட தென்னார்க்காட்டு மாவட்டக் கையேட்டிலும் அடிகளைப் பற்றிய குறிப்பு உளது.

தருமச்சாலை இன்று கடலூர் மாவட்டத்தில், அறநிலையத் துறையின் ஆளுகையில் நடைபெறுகின்றது. 1867-இல் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகின்றது. தைப்பூசத்தன்று பல்லாயிரவர் அங்குக் கூடி உண்கின்றனர்.