கற்றதைக் கற்பித்த கியூரி அம்மையார்

ரேடியத்தைக் கண்டுபிடித்தவர் மேரி கியூரி அம்மையார் என்பதை நாம் அனைவரும் அறிவோம். அவர் இருமுறை நோபல் பரிசு பெற்றவர் என்பதும் நாம் பாடத்தில் படித்ததே. ஆனால் அவர் ஒரு சிறந்த ஆசிரியையாகவும் விளங்கினார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அந்த வரலாற்றை இங்கே காண்போம்.

போலந்து நாட்டின் வார்சா நகரில் 1867ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் அவர் பிறந்தார். பத்து வயதிலேயே அன்னையை இழந்தார். அந்நகர் அன்று ரஷ்ய ஆட்சியில் இருந்தது. அங்குள்ள பல்கலைக்கழகத்தில் பெண்களுக்கு இடமில்லை. எனவே பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து, அந்த ஊதியத்தால் தம் அக்காள் புரோனியா பாரிஸில் மருத்துவம் படிக்க உதவினார். பின்பு 1891இல் தாமும் பாரிஸ் சென்றார். 1893இல் இயற்பியல் தேர்வில் முதலிடம் பெற்றார். 1895இல் பியர் கியூரியை மணந்தார். இருவரும் 1898இல் பொலோனியத்தையும் ரேடியத்தையும் கண்டறிந்தனர். 1906இல் கணவர் வண்டியில் அடிபட்டு இறந்தார். அம்மையார் துயரத்தில் முடங்கிவிடவில்லை. கணவர் விட்டுச்சென்ற ஆசிரியப் பணியைத் தாமே ஏற்றார்.

ரேடியத்தின் கதிர் புற்றுநோய்க் கட்டியை அழிக்கும். அளவு மிஞ்சினால் அதே கதிர் நல்ல உடலையும் புண்ணாக்கும். ஆகவே ரேடியத்தை அளக்க உலகிற்கு ஒரு பொது அளவு தேவைப்பட்டது. 1911இல் சுமார் 22 மில்லிகிராம் ரேடியம் குளோரைடைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து, அந்த அளவை உருவாக்கித் தந்தவர் அம்மையாரே.

1914இல் முதல் உலகப் போர் மூண்டது. வீரர்களின் உடலில் குண்டு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் மருத்துவர்கள் திகைத்தனர். அம்மையார் எக்ஸ் கதிர்க் கருவிகளை மோட்டார் வண்டிகளில் ஏற்றிப் போர்முனைக்குக் கொண்டு சென்றார். இதற்காகவே வண்டி ஓட்டவும் கற்றார், உடற்கூறும் படித்தார். இவ்வாறு 20 வண்டிகளும், மருத்துவமனைகளில் 200 எக்ஸ் கதிர் அறைகளும் அமைந்தன.

ஆனால் கருவி மட்டும் இருந்தால் போதுமா? அதை இயக்கத் தேர்ந்த கைகள் வேண்டாமா? எனவே 1916 முதல் பாரிஸ் ரேடியம் நிலையத்தில் பெண்களுக்கு வகுப்பு நடத்தினார். மின்சாரம், எக்ஸ் கதிர், உடற்கூறு ஆகியவற்றைப் பாடமாகச் சொன்னதோடு நில்லாமல், கருவியின் அருகே நிறுத்திச் செயல்முறையாகவும் பழக்கினார். ஏறக்குறைய 150 பெண்கள் பயிற்சி பெற்றனர். போர் தொடங்கியபோது நம்மைவிடச் சற்றே மூத்தவளான 16 வயது மகள் ஐரீன், பின்னர் தாயோடு சேர்ந்து அவர்களுக்குக் கற்பித்தாள்.

அந்நாளில் கதிரின் தீமையை எவரும் முழுதாக உணரவில்லை. அம்மையாரின் விரல்கள் வெந்தன, கண்பார்வை மங்கியது. 1934 ஜூலை 4ஆம் நாள் இரத்தம் ஊறாத நோயால் காலமானார். ஐரீனும் 1956இல் இரத்தப் புற்றுநோயால் இறந்தார்.

இன்று புற்றுநோயாளிக்கு எவ்வளவு கதிர், எந்தக் கோணத்தில் செலுத்த வேண்டும் என்று கணக்கிட மருத்துவ இயற்பியலார் இருக்கின்றனர். பட்டம் பெற்றவுடன் இப்பொறுப்பைத் தனியே ஏற்றுவிட முடியாது. பல நாடுகளில் ஓரிரு ஆண்டுகள் மருத்துவமனையில், அனுபவம் மிக்கவரின் மேற்பார்வையில் பயில வேண்டும். கருவி தரும் கதிரை அளந்து சோதிப்பதும், கணக்கைத் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பதும், தம்மையும் பிறரையும் கதிரிலிருந்து காப்பதும் அப்பயிற்சியின் பகுதிகள். ஒரு சிறு பிழையும் ஓர் உயிருக்கு ஊறு செய்யுமல்லவா?

அம்மையார் பிறந்த நவம்பர் 7ஆம் நாள், 2013 முதல் உலக மருத்துவ இயற்பியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது. கண்டுபிடித்ததோடு நில்லாமல், கற்றதைப் பிறர் கைகளிலும் சேர்த்த அப்பெருமாட்டியை நாம் போற்றுவோம். தோழியரே, நாமும் ஐயமறக் கற்போம். கற்றதைப் பிறருக்கும் கற்பிப்போம்!