கடன் தீர்த்த மல்லர்

புணேயிலிருந்து கோலாப்பூர் செல்லும் வழியில், கராடு நகரை அடுத்த சிற்றூர் கோலேசுவர். அங்கு 1926இல் பிறந்த கஷாபா ஜாதவ், மல்லரான தந்தையிடமே மற்போர் பயின்றார். மண்களத்தில் பழகிய அவர், 1948இல் இலண்டன் ஒலிம்பிக்கில் விரிப்பின்மேல் பொருது ஆறாமிடம் பெற்றார்.

1952இல் ஹெல்சிங்கி செல்லப் பணமில்லை. அவர் பயின்ற கோலாப்பூர் இராஜாராம் கல்லூரியின் முதல்வர் கர்டேகர் தம் வீட்டையே அடகு வைத்து 7,000 ரூபாய் தந்தார். ஊராரும் இயன்றதை அளித்தனர். ஜாதவ் வெண்கலம் வென்றார். விடுதலை இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் அதுவே. நூற்றுக்கும் மேற்பட்ட மாட்டுவண்டிகள் சூழ ஊர் அவரை வரவேற்றது. அந்த ஆரவாரத்திலும் அவர் அடகை மறந்தாரில்லை. மற்போர்ப் போட்டிகள் நடத்தி, தாமும் களமிறங்கி, திரண்ட பணத்தால் முதல்வரின் வீட்டை மீட்டுக் கொடுத்தார்.

1955இல் காவல்துறையில் உதவி ஆய்வாளரானார். 1984இல் சாலை விபத்தில் மறைந்தார். அர்ஜுனா விருதோ அதன்பின் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேல் கழித்தே வந்தது.