வழக்கின்றித் தண்டிக்கப்பட்ட பத்திராதிபர்

நெய்யாற்றங்கரை, பாறசாலை, ஒற்றசேகரமங்கலம் என்னும் பெயர்களைக் கேட்டறியாத தென்திருவிதாங்கூர்த் தமிழர் இரார். தமிழும் மலையாளமும் கலந்தொலிக்கும் அவ்வெல்லைப் புறத்திலே, நெய்யாற்றங்கரையை அடுத்த அதியன்னூரில், 1878-ஆம் ஆண்டு மே மாதம் 25-ஆம் நாள் பிறந்தவர் சுவதேசாபிமானி இராமகிருஷ்ண பிள்ளை. மலையாளத்தில் எழுதியவரேயாயினும், பிறந்த மண்ணை விட்டு வாழும் நம்மனோர் அவர் சரிதத்தை அறிதல் தகும்.

வக்கம் அப்துல் காதர் மௌலவி 1905-இல் அஞ்சுதெங்கில் தொடங்கிய 'சுவதேசாபிமானி' ஏட்டிற்கு, 1906-இல் பிள்ளையவர்கள் ஆசிரியரானார். மறு ஆண்டு ஏடு திருவனந்தபுரத்திற்கு மாறியது. ஆசிரியரின் எழுத்தில் உரிமையாளர் தலையிட்டாரல்லர். அரண்மனைச் சேவகர்களின் முறைகேடுகளையும், திவான் பி. இராஜகோபாலாச்சாரியின் ஆட்சியையும் பிள்ளை கடிந்தெழுதினார்.

1910 செப்டம்பர் 26 அன்று ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜாவின் கட்டளை பிறந்தது. ஏடு நிறுத்தப்பட்டது, அச்சகம் பறிக்கப்பட்டது, ஆசிரியர் பிடிக்கப்பெற்று, எல்லைக்கு அப்பால் திருநெல்வேலிக்குக் கொண்டு செல்லப்பட்டார். தெற்கே செல்லும் பெருவழி அவர் பிறந்த நெய்யாற்றங்கரையினூடே செல்வதை எண்ணுங்கால் நெஞ்சம் கனக்கிறது. 1908-இல் அதே திருநெல்வேலியில் வ. உ. சிதம்பரனாருக்குக் கொடுந்தண்டனை விதித்த ஆங்கில அரசும் பெயரளவிலேனும் ஒரு நீதிமன்றத்தைக் கூட்டிற்று; மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. பிள்ளைக்கோ விசாரணையுமில்லை, சாட்சியுமில்லை, மேல்முறையீடுமில்லை.

மன்றம் கேளாத வழக்கைப் பத்திரிகைகள் தீர்க்கத் தலைப்பட்டன. அரசின் செயலைக் கண்டித்த ஏடுகள் உண்டு. சரியென்ற ஏடுகளும் உண்டு. தம்மைப் பற்றிப் பிறர் எழுதியதே முடிந்த முடிபாகிவிடலாகாது எனக் கருதிய பிள்ளை, 1911-இல் 'எனது நாடுகடத்தல்' எனப் பொருள்படும் நூலை வெளியிட்டு, நிகழ்ந்தவற்றைத் தம் தரப்பில் எடுத்துரைத்தார். கூண்டிலேறிச் சொல்ல வேண்டியதை அச்சிலேற்றிச் சொன்னார் எனலாம். அடுத்த ஆண்டிலேயே பத்திரிகைத் தொழிலின் இலக்கணம் கூறும் நூலொன்றும், கார்ல் மார்க்சின் சரிதமும் இயற்றினார்.

அவர் குறையற்றவரல்லர். புலையர் குழந்தைகளைப் பொதுப்பள்ளியில் சேர்க்க அரசு முற்பட்டபோது, 1910-இல் அதனை எதிர்த்துத் தலையங்கம் தீட்டினார். தமக்குக் கிடைக்காத நீதிக்காக வருந்தியவர், அக்குழந்தைகளின் நீதியை உணராதது வரலாறு மறவாத பிழையாகும்.

மனைவி கல்யாணி அம்மையார் துன்பத்தில் பங்கேற்று உடன் வாழ்ந்தார். சென்னை, பாலக்காடு, கண்ணூர் எனப் பல ஊர்களில் அலைந்த பிள்ளை, காசநோயால் நலிந்து 1916 மார்ச் 28 அன்று கண்ணூரில் மறைந்தார். அப்போது வயது முப்பத்தேழு. பிறந்த ஊரை அவர் மீண்டும் காணவில்லை. மௌலவியும் 1932-இல் மறைந்தார். பறிக்கப்பட்ட அச்சகம் நெடுங்காலத்திற்குப் பின்னரே அவர் குடும்பத்தாரிடம் மீண்டது.

ஒருவர் மீது பழி எழுந்தவுடன் காலையில் கண்ட செய்தியையே தீர்ப்பாகக் கொள்ளுதல் நம் இல்லங்களிலும் உண்டு. அவ்வேளையில் நெய்யாற்றங்கரைப் புதல்வரின் சரிதத்தை நினைப்போமாக. பழி சுமந்தவரின் சொல்லையும் கேட்ட பின்னரே முடிவு செய்வோமாக.