காற்பந்து வீரர் மட்சோலா

இத்தாலி நாட்டின் வடபகுதியில், மிலான் மாநகர்க்குக் கிழக்கே, அட்டா என்னும் ஆற்றின் கரையில் கசானோ என்ற சிற்றூர் அமைந்துள்ளது. அவ்வூரில் 1919ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 26ஆம் நாள், எளிய தொழிலாளர் குடும்பம் ஒன்றில் வலேந்தினோ மட்சோலா பிறந்தார். முப்பதே ஆண்டு வாழ்ந்து, காற்பந்தாட்ட உலகில் அழியாப் புகழ் எய்தியவர் இவர்.

இளமையில் அவரை வறுமை வாட்டியது. தந்தையார் 1929இல் வேலையை இழந்தார். மறு ஆண்டே லாரி மோதி உயிர் நீத்தார். தாயையும் உடன்பிறந்தாரையும் காக்கும் பொறுப்பில் பங்கேற்க வேண்டிய சிறுவன், முதலில் ரொட்டிக் கடையில் ஏவலாளாகவும் பின்னர் நூலாலையில் கூலியாகவும் உழைத்தான். விலை கொடுத்துப் பந்து வாங்க வழியேது? தெருவிற் கிடக்கும் தகரக் குவளைகளே அவனுக்குப் பந்தாயின. அவற்றை உதைத்துக்கொண்டே அவன் செல்வதைக் கண்ட ஊரார், தகரக் குவளையின் பெயராலேயே அவனை அழைக்கலாயினர்.

அவனுக்குப் பத்து வயது நடந்தபொழுது நிகழ்ந்த செய்தி ஒன்று உண்டு. அட்டா ஆற்றில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் வெள்ளத்தில் அகப்பட்டுத் தத்தளித்தான். வலேந்தினோ சிறிதும் தயங்காது நீரிற் குதித்து, அவனைப் பற்றி இழுத்துக் கரை சேர்த்தான். அங்ஙனம் பிழைத்த சிறுவனே ஆந்திரேயா பொனோமி. பிற்காலத்தில் மிலான் அணியின் தலைவனாய்த் திகழ்ந்தவன். ஆறு கொண்டுபோக இருந்த ஓருயிரை மீட்ட கைகள், இத்தாலியின் காற்பந்துக்கும் ஒரு தலைவனை மீட்டுத் தந்தன.

இத்தாலியில் காற்பந்து அணிகள் தகுதிக்கேற்பப் பல படிகளாக வகுக்கப்பெற்று, படிதோறும் தனித்தனியே போட்டி நடைபெறும். மட்சோலாவின் ஆட்டவாழ்வு கீழ்ப்படிகளிலேயே தொடங்கிற்று. மிலான் நகரில் மோட்டார் வண்டிகள் செய்யும் ஆல்பா ரோமியோ தொழிற்சாலைக்கு ஓர் அணி இருந்தது. அது மூன்றாம் படியில் ஆடி வந்தது. அவ்வணியிற் சேர்வார்க்கு ஆலையில் வேலையும் கிடைக்கும். குடும்பத்தின் பசியை அறிந்த இளைஞர்க்கு அதனினும் வேறென்ன வேண்டும்? பகலில் இயந்திரங்களைப் பழுதுபார்த்தும், ஓய்ந்த வேளையில் பந்தாடியும் அவர் வாழ்ந்தார்.

பின்னர்ப் படைப்பணி அவரைக் கடலோர நகராகிய வெனிசுக்கு அழைத்துச் சென்றது. ஆங்கு வெனேசியா அணியினர் அவர்தம் திறனைக் கண்டு தம்மோடு சேர்த்துக்கொண்டனர். அவ்வணியில் எசியோ லோயிக் என்பாரும் இருந்தார். இருவரும் ஒரே ஆண்டிற் பிறந்தவர். களத்தில் ஒருவர் குறிப்பை மற்றவர் உணர்ந்து ஆடுவர். 1941இல் வெனேசியா இத்தாலியக் கோப்பையை வென்றது. மறு ஆண்டு தூரின் நகரத்து டொரினோ கழகத்தின் தலைவர் பெரும்பொருள் ஈந்து இவ்விருவரையும் ஒருங்கே பெற்றார். பெற்ற பொருளுக்கு மேலாகவே இருவரும் கைம்மாறு செய்தனர். 1943ஆம் ஆண்டு ஏப்பிரலில், பாரி நகரில் நடந்த இறுதி ஆட்டத்தில் மட்சோலா அடித்த ஒரே கோலால் முதற்படிப் பட்டம் டொரினோவுக்குக் கிட்டியது. அடுத்த திங்களில் கோப்பையும் அவர்கட்கே ஆயிற்று.

உலகப் போர் அப்போட்டிகளைத் தடுத்து நிறுத்தியது. போர் ஓய்ந்தபின் டொரினோ முன்னினும் வலிமையோடு எழுந்தது. 1946, 1947, 1948 ஆகிய மூன்றாண்டும் தொடர்ந்து பட்டம் வென்றது. 1947-48ஆம் பருவத்தில் 40 ஆட்டங்களில் 125 கோல்கள்! முந்தைய பருவத்தில் மட்சோலா மட்டும் 29 கோல்கள் அடித்து நாட்டில் முதல்வரானார். ஆயினும், கோல்களைக் கொண்டு மட்டும் அவரை அளத்தல் பொருந்தாது. உயரத்தில் நடுத்தரமானவர், பேச்சில் அடக்கமானவர். முன்னணியில் ஆடுபவரேனும், தம் அணி இடர்ப்படுங்கால் பின்னோடி வந்து பந்தைப் பறிப்பார்; பறித்த பந்தைத் தாமே கொண்டு செல்வார்; தோழனுக்கு வாய்ப்பிருப்பின் விட்டுக்கொடுப்பார்.

டொரினோவின் ஆட்டக்களத்தில் ஒரு வழக்கம் இருந்தது. அணி சோர்வுறும் வேளையில், பார்வையாளரிடையே இருந்து இரயில்வே ஊழியர் ஒருவர் ஊதுகொம்பை முழக்குவார். அவ்வொலி கேட்டதும் அணித் தலைவராகிய மட்சோலா தம் சட்டைக் கைகளை மேலே சுருட்டிவிடுவார். அதுவே குறிப்பு. பதினொருவரும் புத்துயிர் பெற்றாற்போலப் பாய்வர். அடுத்த கால்மணி நேரத்தில் எதிரணி நிலைகுலையும். ஒரு சொல்லும் உரையாமல், உழைப்புக்கு அணியமாகும் தொழிலாளியின் செயலொன்றாலேயே தோழரை எழுப்பினார் அவர். ஆலையிற் பழகிய கைகளன்றோ அவை?

1947 மே 11ஆம் நாள் இத்தாலி அங்கேரியை எதிர்த்து ஆடியபொழுது, இத்தாலிய அணியின் பதினொருவரில் பதின்மர் டொரினோ வீரர். இத்தாலி மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் வென்றது.

1949 பிப்பிரவரியில் செனோவா நகரில் இத்தாலியும் போர்த்துக்கலும் மோதின. போர்த்துக்கல் அணித் தலைவர் பெரைரா என்பவர் பெருமை பெறும் பொருட்டு, லிசுபன் நகரில் ஒரு நட்பாட்டம் நடத்த விரும்பினர். டொரினோ அதிற் கலந்துகொள்ளும் என மட்சோலா அவர்க்கு வாக்களித்தார். நாள் நெருங்கியபோது மட்சோலா நோயுற்றார். ஏப்பிரல் 30இல் நடந்த முதன்மையான ஆட்டத்திலும் அவரால் இறங்க இயலவில்லை. லிசுபனுக்குச் செல்லாதிருப்பின் குறை கூறுவார் யார்? எனினும் கொடுத்த சொல்லை எண்ணி, அணியினரோடு வானூர்தி ஏறினார். மே 3ஆம் நாள் அவ்வாட்டத்தில் ஆடினார். பென்பிகா அணி நான்குக்கு மூன்று என வென்றது.

மறுநாள் மாலை, பார்சிலோனாவில் இறங்கிச் சென்ற வானூர்தி தூரினை அணுகியது. மழையும் மூடுபனியும் கண்ணை மறைத்தன. நகரை அடுத்த சுப்பேர்கா குன்றின்மேலுள்ள பேராலயத்தின் பின்புறச் சுவரில் வானூர்தி மோதிச் சிதறியது. அதிலிருந்த 31 பேரும் மாண்டனர். அவருள் வீரர் பதினெண்மர். லோயிக்கும் அவருள் ஒருவர். இத்தாலிக்கு இருமுறை உலகக் கோப்பை வென்று தந்த பயிற்சியாளர் போசோ, தாம் வளர்த்த வீரர்களின் உடல்களை ஒவ்வொன்றாக அடையாளங் காட்ட நேர்ந்தது. இறுதி ஊர்வலத்தன்று தூரின் நகரத் தெருக்களில் பல நூறாயிரம் மக்கள் திரண்டு நின்றனர்.

பருவம் முடிய நான்கு ஆட்டங்கள் எஞ்சியிருந்தன. டொரினோ தன் இளைஞர் அணியைக் களமிறக்கியது. எதிர்த்து ஆடவேண்டிய நான்கு கழகங்களும் தத்தம் பெரிய வீரரை நிறுத்திவிட்டு இளைஞரையே அனுப்பின. நான்கிலும் டொரினோ வென்றது. பட்டமும் அதற்கே உரியதாயிற்று. மறு ஆண்டு உலகக் கோப்பைக்குப் பிரேசில் சென்ற இத்தாலிய அணி, வானூர்தியை விடுத்துக் கப்பலிற் பயணம் செய்தது.

மட்சோலா மறைந்தபொழுது மூத்த மகன் சாந்திரோவுக்கு வயது ஆறு. அவரும் தந்தைவழியே பந்தாடி, 1964இல் வியன்னா நகரில் நடைபெற்ற ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில் இரண்டு கோல்கள் அடித்தார். சுப்பேர்காவில் ஆண்டுதோறும் மே 4ஆம் நாள் மக்கள் கூடுகின்றனர். அன்று டொரினோவின் அணித் தலைவர், மாண்ட 31 பேரின் பெயர்களையும் உரக்கப் படிப்பார்.