தாத்தா சொன்ன பாடம் அழிஞ்சிடக் கூடாது... எழுதி வைத்த பேரன்! யார் இந்த ஹுய் டோங்?

வீட்டுப் பெரியவங்க வாய்வழியா சொல்லிக்கொடுத்ததை யாரும் எழுதி வைக்கலைன்னா என்ன ஆகும்? 18-ம் நூற்றாண்டு சீனாவில் ஓர் அறிஞரை இந்தக் கவலை ஆட்டிப் படைத்தது.

யார் இவர்?

1697-ல் பிறந்தவர் ஹுய் டோங். ஊர் சூஜோ. கொள்ளுத்தாத்தா காலம் தொட்டு நாலு தலைமுறையா சீனாவின் பழம்பெரும் நூல்களைக் கற்ற குடும்பம். தாத்தா ஹுய் ஜௌடி வீட்டில் ஒரு சிவப்பு விதை மரம் நட்டார். அந்த மரமே குடும்பத்தின் அடையாளமாச்சு. பேரனுக்குக் கிடைத்த பட்டப்பெயர், 'சின்னச் செவ்விதை ஐயா'!

தாத்தாவின் பாடம் என்ன?

அப்போ அரசுத் தேர்வுக்கு 12-ம் நூற்றாண்டு அறிஞர் ஜூ ஷியின் உரைதான் அடிப்படை. ஹுய் குடும்பமோ அதுக்கும் ஆயிரம் வருஷம் முந்தைய ஹான் வம்ச கால உரைகளைத் தேடிப் போனது. மூல நூலுக்கு நெருங்கிய காலத்தில், ஆசிரியரிடம் நேரடியா கேட்டுப் படிச்சவங்களுக்குத்தான் பழைய சொற்களின் பொருள் தெரியும் என்பது அவங்க வாதம்.

சிக்கல் எங்கே?

அந்த உரைகளில் பெரும்பாலானவை அழிஞ்சு போச்சு. பிற நூல்களில் மேற்கோளாகச் சிதறிக் கிடந்த துண்டுகள்தான் மிச்சம். 'ஐ சிங்' நூலுக்கான ஹான் கால விளக்கங்களை ஹுய் டோங் துண்டு துண்டாகச் சேர்த்தார்.

வீட்டு நிலைமையும் மோசம். ஜென்ஜியாங் நகரின் மதிலைச் சொந்தக் காசில் பழுதுபார்க்கச் சொல்லி அப்பா ஹுய் ஷிச்சிக்குப் பேரரசர் உத்தரவிட்டார். சொத்து கரைஞ்சது. மகன் பாடம் சொல்லிக்கொடுத்தே பிழைத்தார்.

தன் பிள்ளைகள் சின்னவங்க, நாளானால் குடும்பப் பாடம் மறந்துபோகும் என்று பயந்துதான், ஒன்பது நூல்களின் பழம்பொருளை விளக்கி ஒரு நூல் எழுதினார்.

போலியைக் காட்டினார்

'ஆவணங்களின் நூல்' என்ற பழம்பெரும் தொகுப்பில் 25 அத்தியாயங்கள் பிற்காலத்தில் புனையப்பட்டவை என்று ஆதாரத்தோடு காட்டினார். தேர்வுக்காக நாடே படித்த பகுதிகள் அவை! அவருக்கு முன்பே யான் ருவோசூ இதையே நிறுவியிருந்தார்.

விமர்சனம் இல்லையா?

உண்டு. ஹான் காலத்தது என்றாலே கண்ணை மூடி நம்பினார் என்று பிற்கால அறிஞர்கள் குறை சொன்னாங்க.

1758-ல் அவர் இறந்தபோது 'ஐ சிங்' உரை முடியவில்லை. அவரோட மாணவர்களிடம் படித்த ஜியாங் ஃபான், விடுபட்ட பகுதியை எழுதிச் சேர்த்தார். பேரன் பயந்தது நடக்கவில்லை. தாத்தாவின் பாடம் வீட்டுக்கு வெளியே, மாணவர்கள் வழியா பிழைச்சது.