எதிரி வானொலியின் குரல் - எஸ்.ஏ. அய்யர்

இரண்டாம் உலகப் போரில் பீரங்கிகள் மட்டும் போரிடவில்லை. துண்டுப் பிரசுரங்களும் கேலிச்சித்திரங்களும் வானொலியும் போரிட்டன. அந்தப் பிரசாரப் போரில் நேதாஜியின் அமைச்சராக விளங்கியவர் ஒரு தமிழர். அவரே எஸ்.ஏ. அய்யர்.

பத்திரிகையாளரான அய்யர், ராய்ட்டர் நிறுவனத்தின் நிருபராகப் பாங்காக்கில் இருந்தார். 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை தாய்லாந்தில் நுழைந்தது. பின்னர் அவர் இந்திய சுதந்திரச் சங்கத்தில் சேர்ந்து பிரசாரப் பணியை ஏற்றார். 1943 அக்டோபர் 21-ல் சிங்கப்பூரில் ஆசாத் ஹிந்த் அரசு அமைந்தபோது பிரசார அமைச்சரானார்.

அந்நாளில் நமது வெதுருகுப்பமும் சித்தூரும் சென்னை மாகாணத்தில் இருந்தன. 1942 ஏப்ரல் 6-ல் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பான் குண்டு வீசியதால் மாகாணமெங்கும் பீதி பரவியது. எதிரி வானொலிச் செய்தியைப் பரப்புவது குற்றமாகக் கருதப்பட்ட காலம் அது.

பர்மா எல்லையில் இந்தியச் சிப்பாய்கள்மீது துண்டுப் பிரசுரங்கள் வீசப்பட்டன. எழுத்தறியாதவரும் புரிந்துகொள்ளும்படி அவற்றில் கேலிச்சித்திரங்கள் இருந்தன. பிரிட்டிஷ் தரப்பும் சும்மா இருக்கவில்லை. ஜப்பானியரைக் கொடியவராகச் சித்திரித்தது. இந்திய தேசிய ராணுவத்தினரை 'ஜிஃப்' என்று இழித்துரைத்தது.

இரு தரப்புப் பிரசாரத்திலும் மிகை உண்டு. ஆனால், எதிரி சொன்னது என்பதாலேயே ஒரு செய்தி பொய்யாகிவிடாது. 1943-ல் வங்கத்தில் பஞ்சம் தாண்டவமாடியது. பர்மாவிலிருந்து ஒரு லட்சம் டன் அரிசி அனுப்பத் தயார் என்று நேதாஜி வானொலியில் அறிவித்தார். பிரிட்டிஷ் அரசு அதை ஏற்கவில்லை. பஞ்சத்தில் மாண்டோர் முப்பது லட்சம் பேர் வரை இருக்கலாம் என்பது பலரது கணக்கு.

1945 ஆகஸ்ட் 17-ல் சைகோனிலிருந்து நேதாஜி புறப்பட்ட விமானத்தில் அய்யருக்கு இடம் கிடைக்கவில்லை. மறுநாள் அந்த விமானம் தைபேயில் விபத்துக்குள்ளானது. ஆகஸ்ட் 23-ல் ஜப்பான் வெளியிட்ட மரண அறிவிப்பைத் தயாரிப்பதில் பங்கேற்கும் துயரமும் டோக்கியோவில் அய்யருக்கே வாய்த்தது.

அதே ஆண்டு செங்கோட்டை வழக்கில் எதிர்த்தரப்புச் சாட்சியாக அவர் கூண்டேறினார். அரிசி தர முன்வந்ததை அங்கே எடுத்துரைத்தார். எதிரிப் பிரசாரம் என்று ஒதுக்கப்பட்ட செய்தி, சத்தியப் பிரமாணத்தின்மீது நீதிமன்றப் பதிவேட்டில் ஏறியது.

நேதாஜியுடன் கழித்த நாட்களை 1951-ல் ஆங்கில நூலாக வெளியிட்ட அய்யர், 1980-ல் காலமானார். நேதாஜியைப் போற்றும் தமிழர்கள், அவர் குரலைக் கடல் கடந்து ஒலிக்கச் செய்த இந்தத் தமிழரையும் மறத்தலாகாது.